கடனாளி, திவாலாளி, தொழிலாளி: சட்ட வரலாறும் சொல் வரலாறும்

0. முன்னுரை

கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள உறவு, கடனை இறுக்க இயலாமல் நொடித்தவரின் நிலை, வேலை கொடுப்போருக்கும் வேலை செய்வோருக்கும் உள்ள உறவு ஆகிய மூன்றும் இன்றைய சட்டக்கல்வியில் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. இந்திய வரலாற்றிலோ இம்மூன்றும் நெடுங்காலம் ஒரே முடிச்சில் பிணைந்து கிடந்தன. அம்முடிச்சுக்கு முன்பணம் என்று பெயர். உழைப்பவர் முன்பணம் வாங்கியதால் கடனாளி ஆனார். கடனாளி ஆனதால் வேலையை விட்டு விலகும் உரிமையை இழந்தார். நொடிப்புச் சட்டம் வணிகருக்கு அளித்த விடுதலை அவரை எட்டவில்லை. இம்முடிச்சு எவ்வாறு படிப்படியாக அவிழ்க்கப்பட்டது என்பதையும், அம்மாற்றங்களைத் தமிழ்ச் சொற்கள் எந்த அளவுக்குப் பின்பற்றின, எங்குப் பின்தங்கின என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சட்ட மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஒருவர் தம் வீட்டையோ கூலியையோ இழக்க நேரிடும் என்பதால் இவ்வாய்வு அகராதி நோக்கோடு நின்றுவிடுவதன்று.

1. கடன் என்னும் சொல்லின் இரு முகம்

பழந்தமிழில் கடன் என்பதன் முதன்மைப் பொருள் கடமை. தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் உரிய கடன்களைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. திருப்பித் தரவேண்டிய பொருள் என்னும் பொருளும் அச்சொல்லுக்குள் அமைந்தது. கடமை, கடப்பாடு, கடன்பாடு ஆகியவை ஒரே வேரின் கிளைகள். வடமொழியில் ருணம் என்பது தேவர்க்கும் முனிவர்க்கும் முன்னோர்க்கும் பட்ட கடனையும், வணிகரிடம் பட்ட கடனையும் ஒருங்கே குறிப்பது இதனோடு ஒப்பிடத்தக்கது. கடன் திருப்பாமை பொருளியல் நிகழ்வாக மட்டும் கருதப்படாமல் அறக்குற்றமாகவும் கருதப்பட்டதற்கு இச்சொற்பொருளே ஒரு சான்று.

தந்தையின் கடனை மகன் தீர்க்கவேண்டும் என்னும் புனிதக் கடப்பாட்டு விதி இந்த அறநோக்கிலிருந்து பிறந்தது. பிரித்தானிய இந்திய நீதிமன்றங்கள் இதனை இந்துச் சட்டத்தின் பகுதியாக ஏற்று, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள பங்கின் அளவுக்கு அவரைப் பொறுப்பாக்கின. 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதன் பின்னர் ஏற்படும் கடன்களைப் பொறுத்தவரை இவ்விதியை முடிவுக்குக் கொண்டுவந்தது. கடமை என்ற பொருளிலிருந்து கடன் என்ற சொல் சட்டத்தில் முழுமையாகப் பிரிந்த ஆண்டு இது எனலாம்.

வினைகளும் கருதத்தக்கவை. வாங்குபவர் கடன் படுகிறார். கொடுப்பவர் கடன் கொடுக்கிறார். படு என்னும் துணைவினை துன்புறுதலையும் செயப்பாட்டையும் உணர்த்துவது. கடனாளி என்ற சொல்லில் உள்ள ஆளி என்னும் ஈறு முதலாளி, தொழிலாளி, பங்காளி, கூட்டாளி ஆகியவற்றிலும் உண்டு. கடன்காரன் என்ற சொல்லோ இருபுறமும் செல்வது. வாசலில் கடன்காரன் நிற்கிறான் என்றால் கொடுத்தவன். போடா கடன்காரா என்று வைதால் வாங்கியவன். பேச்சில் சூழல் பொருளைத் தெளிவாக்கிவிடும். சாட்சி வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பவர்க்கு அத்தெளிவு கிட்டுவது உறுதியன்று. சட்டத் தமிழ், கடனீந்தோர் என்னும் சொல்லை ஆக்கிக்கொண்டது இக்குழப்பத்தைத் தவிர்ப்பதற்கு உதவுகிறது.

2. எழுத்தும் ஆளும்

வட்டிக்குக் கல்வெட்டுகள் வழங்கும் சொல் பொலிசை. தஞ்சைப் பெரிய கோயிலின் நிவந்தப் பணம் ஊரவைகளுக்குக் கடனாக அளிக்கப்பட்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு, பொலிசையாகப் பெறப்பட்டது. முதல் என்றும் அழியாமல் நிற்கவேண்டும் என்பது இவ்வேற்பாட்டின் அடிப்படை. நந்தா விளக்குக்கு அளித்த 96 ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் குறிப்பதிலும் இதே கருத்து உள்ளது. ஆடு சாகும், ஆட்டை ஏற்றவரின் பொறுப்பு சாவதில்லை.

பொருளுக்குப் பொருள் ஈடாவது போலவே ஆளும் ஈடாதல் அக்காலத்தில் உண்டு. பஞ்ச காலத்தில் தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டோர் பற்றிய கல்வெட்டுகள் கிடைக்கின்றன. 12-ஆம் நூற்றாண்டின் பெரியபுராணம் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட நிகழ்ச்சியை ஒரு வழக்காகவே அமைத்துள்ளது. முதியவர் ஆளோலை ஒன்றைக் காட்டிச் சுந்தரரைத் தம் வழிவழி அடிமை என்கிறார். சுந்தரர் பறித்துக் கிழித்தது படியோலை. மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் எடுத்துக்காட்டப்படுகிறது. பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒப்பிடப்படுகிறது. அனுபவம், எழுத்து, சாட்சி என்னும் மூவகை நிரூபணம் அங்கே பேசப்படுகிறது. மூலம், படி என்னும் வேறுபாட்டுக்கு இன்றைய சான்றுச் சட்டமும் முதன்மை அளிப்பதைச் சட்ட மொழிபெயர்ப்பாளர் அறிவர். மூதாதையர் எழுதிக்கொடுத்த ஓலை பேரனைக் கட்டும் என்பதே அவ்வழக்கின் கோட்பாடு. அக்கோட்பாடு மாறுவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

3. வட்டிக்கு வரம்பு

வட்டி எந்த நேரத்திலும் முதலை விஞ்சக்கூடாது என்னும் தாம்துபட் விதி வடமொழி அறநூல்களின் வழிவந்தது. பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரிலும் நீதிமன்றங்கள் இதனை இந்துக் கடனாளிகளுக்குப் பயன்படுத்தின. 1855-ஆம் ஆண்டுச் சட்டம் வட்டிக் கட்டுப்பாடுகளை நீக்கி, இருவர் ஒப்பிய வீதம் எதுவாயினும் செல்லும் என்றாக்கியது. ஒப்பந்தச் சுதந்திரம் என்னும் அன்றைய ஆங்கிலக் கோட்பாட்டின் விளைவு இது. இருபது ஆண்டுகளுக்குள், 1875-இல், தக்காணத்து உழவர்கள் வட்டிக்கடைக்காரரின் கணக்குப் புத்தகங்களையும் பத்திரங்களையும் பறித்து எரித்தனர். எழுத்தே தம்மைக் கட்டுவது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1879-இல் தக்காண உழவர் துயர்தீர்ப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பத்திரத்தில் எழுதியுள்ள தொகையோடு நின்றுவிடாமல், கணக்கின் தொடக்கம் வரை பின்சென்று உண்மையில் கைமாறிய பணத்தைக் காணும் அதிகாரத்தை அது நீதிமன்றத்துக்கு அளித்தது.

சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் 1938-ஆம் ஆண்டு உழவர் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. முதலைப் போல் இருமடங்கு செலுத்தியிருந்தால் பழைய கடன் முற்றும் தீர்ந்ததாகும் என்று அது விதித்தது. தாம்துபட் என்ற பெயரின்றி அதன் பொருள் சட்டத்துள் புகுந்தமையை இங்குக் காணலாம். 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு இயற்றிய மிகைவட்டித் தடைச் சட்டம் மொழியியலார்க்குச் சுவையானது. அதன் ஆங்கிலப் பாடத்திலேயே கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்னும் தெருச்சொற்கள் வரையறைக்குரிய சொற்களாக நிற்கின்றன. மக்கள் வழக்குக்கு நேரான ஆங்கிலச் சொல்லைத் தேடாமல் வழக்கையே சட்டமாக்கிய நிகழ்ச்சி இது.

4. நீதிமன்றத் தமிழின் அடுக்குகள்

கடன் வழக்கின் சொற்களை வரிசைப்படுத்தினால் ஆட்சிகளின் வரலாறு தெரியவரும். கடன், ஈடு, பிணை, ஒற்றி, தவணை ஆகியன தமிழ் அடுக்கு. கிரயம், போக்கியம், சாட்சி ஆகியன வடமொழி அடுக்கு. அசல், பாக்கி, வசூல், ரசீது, ஜாமீன், ஜப்தி, வாய்தா, அமீனா ஆகியன அரபு, பாரசீக, இந்துஸ்தானி வழியில் வருவாய்த்துறையோடு வந்தவை. ஏலம் போர்த்துக்கீசியர் வழி வந்தது என்பர். டிக்ரி, வாரண்டு, புரோநோட்டு, இன்சால்வெண்டு ஆகியன ஆங்கில அடுக்கு. ஒரே நிகழ்வில் ஐந்து அடுக்கும் கலந்து வருவதுண்டு: புரோநோட்டுக் கடனுக்கு டிக்ரி வாங்கி, அமீனா ஜப்தி செய்து, வீட்டை ஏலம் விட்டு, அசலையும் பாக்கி வட்டியையும் வசூலித்தல்.

இந்நிலையில் தீர்ப்புகளைத் தமிழாக்க முனைந்தவர்களில் முன்னோடி மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முன்சீபாகப் பணியாற்றிய அவர், சதர் நீதிமன்றத் தீர்ப்புகளின் சாரத்தைச் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் 1860-களின் தொடக்கத்தில் தமிழில் வெளியிட்டார். 1879-இல் வெளிவந்த அவருடைய பிரதாப முதலியார் சரித்திரம் பெற்ற புகழில் இப்பணி மறைந்துபோயிற்று. விடுதலைக்குப் பின்னர் 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் அதனைத் தொடர்ந்த ஆட்சிச் சொல்லகராதியும் ஆங்கிலச் சொற்களுக்கு நிலையான தமிழ் இணைகளை வகுக்கத் தொடங்கின.

உடைமை பறிக்கும் சட்டமே உடைமை காக்கும் விதிகளையும் கொண்டிருந்தது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைத் தொகுப்பின் 60-ஆம் பிரிவு உடுக்கும் உடை, சமையற் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி, உழவரின் ஏர்க்கருவி ஆகியவற்றை ஜப்தி செய்யத் தடை விதிக்கிறது. உடலுழைப்பாளர், வீட்டுப் பணியாளர் ஆகியோரின் கூலியும் அத்தடைக்குள் வரும். பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைச் சிறைப்படுத்தல் 56-ஆம் பிரிவால் தடுக்கப்பட்டது. 1936-ஆம் ஆண்டுத் திருத்தம், வசதியிருந்தும் செலுத்தாதவர், சொத்தை மறைத்தவர் போன்றோரை மட்டுமே சிறைக்கு உரியவராக்கியது. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர், வறுமையால் செலுத்த இயலாமை மட்டும் சிறைக்குக் காரணமாகாது எனத் தீர்ப்பளித்தார். இயலாமையும் மறுப்பும் வேறு வேறு என்பது அத்தீர்ப்பின் உயிர்நிலை. தமிழில் கட்டவில்லை என்னும் ஒரே வினை இரண்டையும் மூடிவிடும். கட்ட முடியவில்லை, கட்ட மறுத்தார் என்று பிரித்து எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகிறது.

5. நொடிப்பு

நொடிப்புச் சட்டத்தின் அடிப்படை எளியது. கடனாளியின் சொத்து முழுதும் ஒரு பொது அலுவலரிடம் சேரும். அவர் அதனை விற்றுக் கடனீந்தோர்க்கு விகிதப்படி பங்கிடுவார். ஒழுங்காக நடந்துகொண்ட கடனாளி எஞ்சிய கடனிலிருந்து நீதிமன்ற ஆணையால் விடுவிக்கப்படுவார். முந்தியவர் முழுதும் பெறுவதைத் தடுத்து அனைவர்க்கும் பகிர்தல் ஒரு நோக்கம். கடனாளிக்கு மறுவாழ்வு அளித்தல் மற்றொன்று.

1828-ஆம் ஆண்டு ஆங்கிலப் பாராளுமன்றச் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று தலைநகர்களில் நொடித்தோர் துயர்தீர்ப்பு நீதிமன்றங்களை அமைத்தது. 1848-இல் புதிய சட்டம் வந்தது. மூன்று நகர்களுக்கு அப்பாலிருந்த பெருந்திரளான மக்களுக்குத் தனி நொடிப்புச் சட்டம் 1907-இல்தான் கிடைத்தது. அது 1920-இல் மாற்றி இயற்றப்பட்டது. தலைநகர்களுக்கான சட்டம் 1909-இல் புதுப்பிக்கப்பட்டது. கடனாளி தாமே விண்ணப்பிப்பதற்குக் கடன் 500 ரூபாய்க்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது இரு சட்டங்களிலும் பொதுவான வாயில்களுள் ஒன்று. அன்றைய பண்ணைக் கூலியின் சிறுகடன் இத்தொகையை எட்டுவது அரிது. அவருடைய கடன் வாழ்நாள் முழுதும் கட்டுவதற்குப் போதியதாகவும், விடுதலை கோருவதற்குப் போதாததாகவும் இருந்தது.

சென்னையில் நொடிப்பு என்னும் கருத்தைப் பொதுமக்கள் அறிவதற்குக் காரணமான நிகழ்ச்சி 1906 அக்டோபரில் நேர்ந்த அர்பத்நாட் கம்பெனியின் வீழ்ச்சி. ஓய்வூதியர், கைம்பெண்கள், சிறு வணிகர், வழக்குரைஞர் எனப் பலரின் வைப்புத்தொகைகள் அதில் மூழ்கின. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் 1907-இல் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். வைப்பாளர் சார்பில் முனைந்து நின்ற வி. கிருஷ்ணசாமி ஐயர், 1907-இல் இந்தியன் வங்கி தோன்றுவதற்கும் காரணமானவர். வெள்ளையர் நிறுவனம் முறியாது என்னும் நம்பிக்கை அவ்வாண்டோடு முறிந்தது.

இக்கருத்துக்குத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. திவால் இந்துஸ்தானி வழி வந்தது. நொடித்த வணிகர் பகலில் விளக்கேற்றி வைத்துத் தம் நிலையை அறிவிக்கும் வழக்கத்தோடு அதனைத் தொடர்புபடுத்துவோர் உளர். மஞ்சள் கடுதாசி கொடுத்தல், ஐ.பி. கொடுத்தல் ஆகியவை தமிழ்நாட்டு வணிகர் வழக்கு; பின்னது நொடிப்பு விண்ணப்பத்துக்கான ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். இலங்கைத் தமிழில் வங்குரோத்து என்பது பெருவழக்கு. வணிகரின் பலகை உடைதல் என்னும் இத்தாலியத் தொடரிலிருந்து ஐரோப்பிய மொழிகளில் பரவிய சொல், கடல்வழி ஆட்சியாளரால் அங்கு வந்து சேர்ந்தது. விளக்கு, கடுதாசி, பலகை என மூன்று பொருள்களும் அறிவிப்பின் அடையாளங்கள். நொடிப்பு உள்ளத்து நிலையன்று, ஊரறிய நிகழும் செயல் என்பதை மூன்று வழக்கும் ஒருமித்துக் காட்டுகின்றன. சட்டமும் நொடிப்புச் செயல் ஒன்று நிகழ்ந்திருக்க வேண்டும் என்றே கோரியது.

மக்கள் வழக்கில் மஞ்சள் கடுதாசி ஏமாற்றின் பெயராகிவிட்டது. ஏமாற்றியவர்க்கு விடுவிப்பு ஆணையை மறுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதும், விண்ணப்பம் கொடுத்த அளவில் கடன் தீர்வதில்லை என்பதும் அவ்வழக்கில் புலப்படுவதில்லை.

6. முன்பணமும் சிறையும்

1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. ஆளோலை செல்லாததாயிற்று. அதன் இடத்தைக் கடன்சீட்டு பிடித்தது. 1859-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. முன்பணம் பெற்ற கைவினைஞரோ தொழிலாளரோ வேலை செய்யத் தவறினால், முதலாளி குற்றவியல் நடுவரிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையைச் செய் என்று நடுவர் ஆணையிடுவார். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலி கொடாத முதலாளிக்கு அச்சட்டத்தில் தண்டனை இல்லை.

இங்குச் சட்டவியலின் அடிப்படை வேறுபாடு ஒன்று குலைந்திருப்பதைக் காணலாம். ஒப்பந்த மீறல் உரிமையியல் தவறு. அதற்கு ஈடு இழப்பீடு. வணிகர் ஒப்பந்தம் மீறினால் இழப்பீடு, தொழிலாளர் மீறினால் சிறை என்பதே 1859-இன் நிலை. இச்சட்டம் 1925-இல் இயற்றிய சட்டத்தால் நீக்கப்பட்டது.

இலங்கைத் தோட்டங்களில் இதே உறவு ஒரு தமிழ்ச் சொல்லில் நிலைபெற்றது. கங்காணியின் ஆட்கள் பட்ட கடன் எவ்வளவு, எத்தொகை செலுத்தினால் அவர்கள் விடுவிக்கப்படுவர் என்பதைத் தோட்டத் துரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். அதன் பெயர் துண்டு. அத்தொகையைச் செலுத்தும் வேறு தோட்டம் ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். துண்டு என்ற சொல் ஆங்கில ஆவணங்களில் அப்படியே வழங்கி, 1921-இல் அம்முறையை ஒழித்த சட்ட விவாதங்களிலும் இடம்பெற்றது. ஆங்கிலத்தில் வழங்கும் கூலி என்ற சொல்லின் பிறப்பைத் தமிழ்க் கூலியோடு இணைப்போரும், குஜராத்தின் கோலி மக்களின் பெயரோடு இணைப்போரும் உண்டு. உழைப்பின் விலையைக் குறித்த சொல் உழைப்பவரையே குறிப்பதாயிற்று என்பது முதற்கருத்தின் சாரம். துண்டுச்சீட்டில் நிகழ்ந்ததும் அதுவே: ஆள் தொகையானார்.

இதே காலத்தில் சென்னையில் கூட்டாகப் பேசும் உரிமை வேறொரு வழியில் எழுந்தது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பின்னி ஆலைத் தகராற்றில் 1920-இல் உயர் நீதிமன்றம் சங்கத் தலைவர் பி.பி. வாடியா உள்ளிட்டோர்க்கு எதிராகத் தடையாணை பிறப்பித்தது. தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினர் என்பதே அவர்கள்மீது சாட்டப்பட்ட தவறு. அவ்வழக்கின் எதிரொலியாகவே 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்கத்தினர்க்குப் பாதுகாப்பு அளித்தது.

7. சட்டத்துள் ஒரு வட்டாரச் சொற்பட்டியல்

அரசமைப்பின் 23-ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடைசெய்தது. எனினும் கடனுக்காக உழைத்தல் தொடர்ந்தது. 1975 அக்டோபர் 25 முதல் செயற்பட்ட அவசரச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் கொத்தடிமைக் கடனைச் செலுத்தும் பொறுப்பு முழுவதையும் அழித்தன. கடனாளி எனப்படுபவர் அது கொத்தடிமைக் கடன் என்று கூறினால், அன்று என்று மெய்ப்பிக்கும் சுமை கடனீந்தவர்மேல் சார்த்தப்பட்டது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஓலையைக் காட்டியவரே வென்றார். இங்கே ஓலை இருப்பதே ஐயத்துக்குக் காரணமாயிற்று.

அச்சட்டம் உடன்படிக்கை என்பதை வரையறுக்கையில், கடனாளிக்கும் கடனீந்தவர்க்கும் இடையே உடன்படிக்கை உண்டு என வழக்கத்தால் கருதப்படும் உழைப்பு வகைகளைச் சுமார் முப்பது பெயர்களால் பட்டியலிடுகிறது. ஹாலி, கமியா, ஜீதா, பாலேரு, சேருமர், சாக்ரி, வெட்டி ஆகியன அவற்றுட் சில. ஆங்கில எழுத்துக்கூட்டலில் சற்றுத் திரிந்து நிற்கும் இரண்டைப் படியாள், பண்ணையாள் எனக் கொள்ளலாம். ஜீதா கூலியைக் குறிக்கும் சொல். படியாள் நெல் அளக்கும் படியிலிருந்து வந்தவர். இரண்டும் ஊதியத்தின் பெயரால் ஊதியமற்ற நிலையைக் குறித்தவை. வெட்டி வடமொழி விஷ்டியோடு தொடர்புடையது. சோழர் கல்வெட்டுகளில் ஊதியமின்றிச் செய்யவேண்டிய கட்டாயப் பணியைக் குறித்தது. இன்றைய தமிழில் வெட்டிவேலை, வெட்டிப்பேச்சு என்று பயனின்மையைக் குறிக்கிறது. கூலியில்லாதது பயனில்லாதது ஆயிற்று. யாருக்குப் பயனில்லை என்னும் வினா சொல்லின் பழைய பொருளுக்குள் புதைந்துள்ளது.

8. தொழிலாளர் கடனீந்தோர் ஆதல்

நிறுவனம் நொடித்தால் தொழிலாளரின் நிலை என்ன என்பது அடுத்த கட்டம். கூலி பாக்கி, பணிக்கொடை, ஆட்குறைப்பு இழப்பீடு ஆகியவை நிறுவனம் பட்ட கடன்கள். ஆயினும் ஈடு பெற்ற வங்கிகள் முதலில் எடுத்துக்கொண்டபின் எஞ்சுவது சிறிது. 1983-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் இடம்பெற்ற தேசிய நெசவுத் தொழிலாளர் சங்க வழக்கில், நிறுவனக் கலைப்பு விசாரணையில் தொழிலாளர் குரலும் கேட்கப்படவேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியது. 1985-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத் திருத்தம் தொழிலாளர் பாக்கியை ஈடுபெற்ற கடனோடு சமநிலையில் வைத்தது.

2016-ஆம் ஆண்டு நொடிப்புத் தொகுப்புச் சட்டம், கலைப்பின்போது பணம் பங்கிடும் வரிசையை 53-ஆம் பிரிவில் வகுத்துள்ளது. நடைமுறைச் செலவுக்கு அடுத்த படியில், கலைப்புத் தொடங்கும் நாளுக்கு முந்திய 24 மாதத் தொழிலாளர் பாக்கியும், ஈட்டை விட்டுக்கொடுத்த கடனீந்தோரின் கடனும் சமமாக நிற்கின்றன. அதற்கு அடுத்த படியில் பிற பணியாளரின் 12 மாத ஊதியம். வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றில் தொழிலாளர்க்கு உரியவை பங்கிடும் சொத்துக்குள்ளேயே சேர்வதில்லை. தொழிற்சங்கமே கடனீந்தோராக விண்ணப்பிக்கலாம் என 2019-இல் ஒரு சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1859-இல் கடனாளியாகச் சட்டத்துள் நுழைந்த தொழிலாளர் 2019-இல் கடனீந்தோராக அதே வாயிலில் நிற்கிறார். இந்த இடமாற்றமே இவ்வரலாற்றின் மையம்.

இதன் எல்லையையும் குறிப்பிடவேண்டும். அத்தொகுப்பு இயற்றப்பட்ட பின்னரும் தனிமனிதர்க்கான பகுதி முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 2019 டிசம்பர் 1 அன்று நிறுவனக் கடனுக்குப் பிணை நின்ற தனிமனிதர்க்கு மட்டும் அது செயற்படுத்தப்பட்டது. பிறருடைய விண்ணப்பங்கள் 1909, 1920-ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழேயே தொடர்ந்தன.

9. மொழிபெயர்ப்பில் மூன்று இடர்கள்

முதலாவது தள்ளுபடி. கடைக்காரர் விலையைக் குறைப்பது தள்ளுபடி. நீதிமன்றம் மனுவை ஏற்காதது தள்ளுபடி. அரசு உழவர் கடனை நீக்குவது தள்ளுபடி. வங்கி வாராக்கடனைத் தன் கணக்கிலிருந்து நீக்கிப் பதிவதும் தள்ளுபடி. இறுதி இரண்டும் சட்டத்தில் எதிரானவை. அரசு நீக்கினால் கடனாளி விடுபடுகிறார். வங்கி கணக்கில் நீக்கினால் கடன் அப்படியே நிற்கிறது, வசூல் தொடரும். முன்னதைக் கடன் விலக்கு என்றும், பின்னதைக் கணக்கு நீக்கம் என்றும் பிரித்தல் தகும்.

இரண்டாவது பணிநீக்கம். தமிழ்நாட்டரசு வழக்கில் பணியறவு, பணிநீக்கம், தற்காலிகப் பணிநீக்கம் ஆகியவை வெவ்வேறு தண்டனைகளையும் இடைக்கால நடவடிக்கையையும் குறிப்பவை. பணியறவு பெற்றவர் பொதுவாக மீண்டும் அரசுப் பணிக்கு வர இயலாது. பணிநீக்கம் பெற்றவர்க்கு அத்தடை இல்லை. தொழிற்சாலைச் சட்டத்திலோ ஆட்குறைப்பு தண்டனையன்று. அதற்கு ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் இழப்பீடு. மூலப்பொருள் இன்மை போன்றவற்றால் வேலை தர இயலாத நாள்களை ஆலைத் தொழிலாளர் லே-ஆப் என்பர். அங்கே பணியுறவு அறுவதில்லை. பாதி ஊதியம் உண்டு. 1947-ஆம் ஆண்டுத் தொழிற்றகராறுகள் சட்டத்தின் இவ்வேறுபாடுகள், 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் தொடர்கின்றன. செய்தித்தாள்கள் அனைத்தையும் பணிநீக்கம் என்று எழுதும்போது, இழப்பீடு பெறவேண்டியவர் தம்மைத் தண்டிக்கப்பட்டவராக எண்ணிவிடக்கூடும். 53-ஆம் பிரிவைத் தமிழாக்குகையில் தொழிலாளர், பணியாளர் என்னும் வேறுபாட்டைக் கைவிட்டால் 24 மாதமும் 12 மாதமும் ஒன்றோடொன்று மயங்கும்.

மூன்றாவது பிணை. ஈடு என்பது பொருள். பிணை என்பது ஆள். ஜாமீன் என்பது கடனிலும் குற்ற வழக்கிலும் வழங்குவது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். கடனாளியிடம் முதலில் கேட்டபின்னரே தம்மிடம் வரவேண்டும் என்று அவர் கோர இயலாது. ஜாமீன் கையெழுத்து என்று பேச்சில் எளிதாகச் சொல்லப்படும் தொடர் இப்பொறுப்பை உணர்த்துவதில்லை. வங்கிப் படிவங்களைத் தமிழாக்குவோர் பிணையாளர் என்ற சொல்லை இட்டதோடு அமையாமல், கடனாளியைப் போலவே முழுப் பொறுப்புடையவர் என்று விரித்தெழுதுவது நன்று.

10. முடிவுரை

ஆளோலை, முன்பணம், துண்டு, கொத்தடிமைக் கடன் என்னும் வரிசையில் எழுத்து ஒவ்வொரு முறையும் உழைப்பவரைக் கட்டுவதற்கே பயன்பட்டது. 1925, 1976, 2016 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அக்கட்டை மூன்று நிலைகளில் தளர்த்தின: சிறை நீங்கியது, கடன் அழிந்தது, பாக்கிக் கூலிக்கு முன்னுரிமை கிடைத்தது. இவ்வுரிமைகள் இருப்பது ஆங்கிலப் பாடத்தில். அவற்றைக் கோரவேண்டியவர் படிப்பதோ, படிக்கக் கேட்பதோ தமிழில். இயலாமைக்கும் மறுப்புக்கும், விலக்குக்கும் கணக்கு நீக்கத்துக்கும், ஆட்குறைப்புக்கும் பணியறவுக்கும் உள்ள வேறுபாடுகள் தமிழ்ப் பாடத்திலும் நிலைத்தால்தான் அவ்வுரிமைகள் உரியவரைச் சென்றடையும். அதற்கான சொற்கள் பெரும்பாலும் தமிழில் உள்ளன. அவற்றை ஒரே பொருளில், எல்லா ஆவணங்களிலும், விடாமல் வழங்குவதே இனிச் செய்யவேண்டிய பணி.